மணியடிக்கும் பக்கங்களைத் தாண்டாதீர்கள்

அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944இல் 'தி நியூயார்க்கர்' இதழில் துப்பறியும் கதைகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். கொதித்துப்போன வாசகர்கள், "நல்லதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்" என்று கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அவர்களில் பதினெட்டுப் பேர் சொன்ன பெயர் டோரதி எல். சேயர்ஸ். அவருடைய நூல்களில் எட்டுப் பேர் கைகாட்டிய நாவல் 1934இல் வந்த 'தி நைன் டெய்லர்ஸ்'. வில்சன் அதையும் படித்தார். 1945 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: எந்தத் துறையிலும் தான் கண்ட மிகச் சலிப்பான புத்தகங்களில் இது ஒன்று. முதல் பகுதி முழுக்க இங்கிலாந்துத் தேவாலயங்களில் மணியடிப்பது பற்றி, கலைக்களஞ்சியத்தில் இருக்க வேண்டிய சமாச்சாரம். அதில் கணிசமான பகுதியைத் தாண்டிவிட்டதாகவும், கிராமத்து ஆட்கள் பேசிக்கொள்ளும் பக்கங்களையும் தாண்டியதாகவும் அவரே எழுதினார்.

விமர்சகர் ஒருவருக்கு ஒரு நாவல் பிடிக்காமல் போவது பெரிய விஷயமில்லை. உறுத்துவது வேறு. இந்த நாவலை விரும்புகிறவர்களே புதியவர்களிடம் கொடுக்கும்போது, "முதல் அறுபது பக்கம் கொஞ்சம் இழுக்கும், மணி சமாச்சாரம் புரியாவிட்டால் விட்டுவிடு, பிணம் கிடைத்ததும் சூடு பிடிக்கும்" என்கிறார்கள். அன்போடு சொல்லப்படும் இந்த யோசனை, வில்சனின் தீர்ப்பைவிட அந்தப் புத்தகத்துக்கு அதிகக் கேடு செய்கிறது. ஏன் என்று விளக்க வேண்டுமானால் கொலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாவலை இன்னும் படிக்காதவர்கள், படிக்க எண்ணமும் இருந்தால், இந்த இடத்தில் கட்டுரையை மூடிவிடுவது நல்லது. ஒளித்து ஒளித்து எழுத எனக்கு உத்தேசமில்லை.

கதை இதுதான். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்புநிலப் பகுதி, டிசம்பர் 31, பனிப்பொழிவு. சேயர்ஸின் துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சியின் கார் ஒரு பாலத்தருகே பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. அவரும் பணியாள் பண்டரும் நடந்து ஃபென்சர்ச் செயின்ட் பால் என்ற கற்பனைக் கிராமத்துக்கு வருகிறார்கள். பாதிரியார் வெனபிள்ஸுக்கு அன்று ஒரே கவலை. புத்தாண்டுக்கு ஊர்க்காரர்கள் ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் மணியடிப்பதாக ஏற்பாடு. எட்டுப் பேர் வேண்டும். அதில் ஒருவரான வில் தோடே இன்ஃப்ளுயன்சாவில் படுத்துவிட்டார். விம்சிக்கு மணியடிக்கத் தெரியும் என்று அறிந்ததும் பாதிரியார் அவரைப் பிடித்துக்கொள்கிறார். இரவு பன்னிரண்டு முதல் காலை ஒன்பது வரை விம்சி இரண்டாம் மணியை அடிக்கிறார். காரைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போகிறார். ஈஸ்டர் சமயத்தில், புத்தாண்டன்று இறந்த லேடி தோர்ப்பின் கல்லறையை அவருடைய கணவருக்காகத் திறக்கும்போது உள்ளே இன்னொரு பிணம் கிடக்கிறது. முகம் சிதைக்கப்பட்டிருக்கிறது, கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. எப்படி இறந்தான் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

கயிறு, சக்கரம், கட்டை

'சேஞ்ச் ரிங்கிங்' என்று இங்கிலாந்து மணியடிப்பவர்கள் சொல்வதில் ராகம் கிடையாது. அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். மிருதங்க வித்வான் கோர்வைக்குக் கணக்குப் போடுவதைப் போல இதுவும் கணக்கு. காதுக்கு இனிமையாக இருந்தால் அது உபரி. எட்டு மணிகள், உச்ச சுருதியிலிருந்து கீழ் சுருதிவரை 1, 2, 3 என்று எண். 12345678 என்று இறங்கு வரிசையில் அடித்தால் அது ஆரம்பம். அடுத்த வரிசை வேறு, அதற்கடுத்தது வேறு, ஒருமுறை ஒலித்த வரிசை மீண்டும் வரக்கூடாது. எட்டு மணிகளுக்குச் சாத்தியமான வரிசைகள் 40,320. யாரும் தாளைப் பார்த்து அடிப்பதில்லை. எல்லாம் மனப்பாடம்.

ஏன் இப்படி ஒரு விசித்திரமான விளையாட்டு? மணி தொங்கும் விதம்தான் காரணம். மற்ற பல நாடுகளில் மணி கொஞ்சம் ஊசலாடும், அவ்வளவே. இங்கிலாந்தில் மணியை ஒரு முழு மரச் சக்கரத்தோடு பொருத்துகிறார்கள். கயிறு சக்கரத்தைச் சுற்றி, தளங்களின் துளை வழியாகக் கீழே அடிப்பவர் நிற்கும் அறைக்கு இறங்கும். தொடங்கும் முன் மணியைச் சிறிது சிறிதாக ஆட்டி ஏற்றி, வாய் வானத்தைப் பார்க்க நிறுத்துவார்கள். அங்கே 'ஸ்டே' என்ற மரக்கட்டை ஒரு தடுப்பில் முட்டி மணியைத் தாங்கும். கயிற்றில் கம்பளி சுற்றிய தடித்த பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு: மணி முழு வட்டம் சுற்றி, ஒரு தடவை ஒலித்து, மறுபக்கம் தலைகீழாக வந்து நிற்கும். அடுத்த இழுப்பு கயிற்றின் நுனியிலிருந்து. மணி எதிர்த்திசையில் சுற்றி, இன்னொரு தடவை ஒலித்து, பழைய இடத்துக்கு வரும். ஓர் இழுப்புக்கு ஓர் ஒலி. அதற்கு மேல் ஒன்றும் முடியாது.

டன் கணக்கில் எடையுள்ள உலோகம் உச்சியில் தள்ளாடும் அந்த நொடியில் மட்டும்தான் மனிதக் கைக்குச் செல்வாக்கு. கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கே தாங்கிப் பிடித்தால் மணி ஓர் இடம் பின்னால் போகும். உச்சிக்குப் போகும் முன்பே திருப்பி இழுத்தால் ஓர் இடம் முன்னால் வரும். இரண்டு இடம் தாவ முடியாது. ஆகவே ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு ஒரு மணி தன் பக்கத்து மணியோடுதான் இடம் மாறலாம். இந்த விளையாட்டின் கணிதம் முழுவதும் இந்த ஒரு பௌதிகக் கட்டுப்பாட்டிலிருந்து பிறக்கிறது. நான்கு மணிகளை வைத்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம்: 1234, 2143, 2413, 4231, 4321, 3412, 3142, 1324, மறுபடி 1234. இதில் முதல் மணியின் தடத்தைப் பென்சிலால் இணைத்தால் ஒரு சாய்கோடு வலப்பக்கம் போய், கடைசி இடத்தில் ஓர் அடி கூடுதலாக நின்று, திரும்பி வரும். அடிப்பவர் மனதில் வைத்திருப்பது எண்களை அல்ல, இந்தக் கோட்டைத்தான். நாவலைத் திறப்பதற்கு முன் இந்த ஒன்பது வரிகளை ஒருமுறை எழுதியவருக்கு முதல் அத்தியாயம் சலிக்காது என்பது என் துணிபு.

தவறுவது எப்படி என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பதற்றத்தில் அதிகமாக இழுத்தால் மணி உச்சியைத் தாண்டி வேகமாகக் கட்டையில் மோதும், கட்டை முறியும், மணி சுற்றிக்கொண்டே போகும், கயிறு சீறி மேலே ஏறும். கையை விடாதவரையும் கூடத் தூக்கிக்கொண்டு போகும். முறிவதற்காகவே அந்தக் கட்டையை மரத்தில் செய்கிறார்கள். அது முறியாவிட்டால் அதைவிட விலை உயர்ந்தது எதுவோ முறியும். மணிகள் வாய் மேல்நோக்கி நிற்கும்போது மணி அறைக்குள் யாரும் போகக் கூடாது என்பது இன்றுவரை கோபுரங்களில் முதல் விதி. இந்த விதி நாவலில் இரண்டு பேருக்கு உடைகிறது. ஒருவன் சாகிறான், இன்னொருவர் மயிரிழையில் தப்புகிறார்.

அன்றிரவு அடித்தது 'கென்ட் ட்ரெபிள் பாப் மேஜர்' முறையில் 15,840 மாற்றங்கள், அதாவது அத்தனை வரிசைகள். இந்த முறையில் முதல் மணி நேராகப் போய்த் திரும்பாது. ஒவ்வோர் இரண்டு இடத்திலும் ஓர் இடம் பின்வாங்கி மீண்டும் முன்னேறும். அதனால் ஒரு சுற்று முடிய 32 மாற்றங்கள் ஆகின்றன. 15,840 என்றால் அப்படி 495 சுற்றுகள். எண்ணை சேயர்ஸ் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1868 ஏப்ரலில் லண்டன் பெத்னல் கிரீனில் புனித மத்தேயு தேவாலயத்தில் இதே முறையில் இதே 15,840ஐ எட்டுப் பேர் 9 மணி 12 நிமிடத்தில் அடித்தார்கள். அவர் நம்பியிருந்தது ட்ராய்ட் என்பவரின் பழைய மணியடிப்புக் கையேட்டை. அத்தியாயத் தலைப்புகளின் கீழ் அதிலிருந்து மேற்கோள்கள் வருகின்றன. நாவலின் நான்கு பாகங்களுக்கும் மணியடிப்பு முறைகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாவலின் கனத்த மணியான 'டெய்லர் பால்' 41 ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறக்குறைய 2,080 கிலோ. மணி கனக்கக் கனக்க அது சுற்றும் நேரம் கூடும். இந்த எடையுள்ள மணிகளில் ஐந்தாயிரம் மாற்றத்துக்கே மூன்றரை மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும். அந்தக் கணக்கில் 15,840க்குப் பதினோரு மணி நேரம் வேண்டும். சேயர்ஸ் பெத்னல் கிரீனின் நேரத்தை எடுத்து அதைவிடக் கனமான கோபுரத்தில் பொருத்திவிட்டார். அந்த 2,080 கிலோவை ஒன்பது மணி நேரம் ஆள்பவர் ஹெசகையா லாவெண்டர் என்ற, எழுபதைத் தாண்டிய கிழவர் என்பது அடுத்த சங்கடம். மணியடிப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கையேட்டிலிருந்து கற்றவருக்கு எண் வரும், உடம்பின் களைப்பு வராது.

நாக்ஸின் பத்துக் கட்டளைகள்

1929இல் ரொனால்ட் நாக்ஸ், கத்தோலிக்கக் குரு, தானும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். பாதி விளையாட்டு, பாதி வினை. அடுத்த ஆண்டு லண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' உருவானபோது அவரும் சேயர்ஸும் அதன் தொடக்க உறுப்பினர்கள். இந்த நாவலுக்கு முக்கியமானவை இரண்டு கட்டளைகள். நான்காவது: இதுவரை கண்டுபிடிக்கப்படாத விஷம் கூடாது, முடிவில் நீளமான அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியும் கூடாது. ஏழாவது: துப்பறிபவரே குற்றத்தைச் செய்திருக்கக் கூடாது.

நான்காவதை எடுத்துக்கொள்வோம். சேயர்ஸின் கொலைக்கருவி முழுக்க முழுக்க நீண்ட விளக்கம் கேட்பது. எட்டு மணிகள், முழுவட்டச் சுழற்சி, ஒன்பது மணி நேரம், இடைவிடாத ஒலி. இதைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு நிபுணரை வரவழைத்து விளக்கியிருந்தால் அது மோசடி. அவர் செய்தது இதற்குத் தலைகீழ். கொலை நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோதே, பிணம் கிடைக்க நான்கு மாதங்கள் இருக்கும்போதே, கருவியின் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து நம் முன் வைக்கிறார். எப்படிச் சுழலும், எத்தனை நேரம், எத்தனை பேர் கை. மணிகளின் பெயர்களும் வரலாறும் கூட: 'பாட்டி (Batty) தாமஸ்' என்ற ஏழாவது மணி ஏற்கெனவே ஆட்களைக் கொன்ற மணி என்ற ஊர்ப்பேச்சு, கெட்டவனை மணிகளுக்குப் பிடிக்காது என்று கிழவர் லாவெண்டர் விம்சிக்குச் சொல்லும் எச்சரிக்கை. வாசகர் இதையெல்லாம் கிராமத்து வண்ணம் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் இது கொலைக்களத்தின் வரைபடம். "கலைக்களஞ்சியம்" என்று வில்சன் தள்ளிய பக்கங்கள்தான் நான்காம் கட்டளையை அவர் மீறாமல் காத்த பக்கங்கள்.

அதற்கும் மேல் ஒன்று. தடயத்தை ஒளிக்க எல்லோரும் சிறியதாக்குவார்கள்: சாம்பல் துகள், கிழிந்த கடிதத்தின் மூலை, கடிகாரத்தின் ஐந்து நிமிடம். சேயர்ஸ் பெரியதாக்கினார். அறுபது பக்கமுள்ள தடயத்தை யார் தடயம் என்று சந்தேகிப்பார்கள்? சலிப்பையே திரையாக்கிய அந்தத் துணிச்சல் அந்தக் காலத்து எழுத்தாளர்களில் வேறு யாரிடமும் இவ்வளவு அப்பட்டமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வில்சன் அந்தத் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். திரை தன் வேலையைச் செய்தது என்றுதான் அர்த்தம்.

மணி அறையில் ஒரு நிமிடம்

நாவலின் இறுதிப் பகுதியில் வெள்ளம் வருகிறது. மதகு உடைகிறது, சுற்றியுள்ள கிராமங்களெல்லாம் நீரில். மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்கு மக்கள் மாடு, கோழி, படுக்கையோடு வந்து சேர்கிறார்கள். எச்சரிக்கைக்காக மணிகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளத்தைப் பார்க்க விம்சி கோபுரத்தின் உச்சிக்கு ஏறுகிறார். உச்சிக்குப் போகும் வழி மணி அறையின் ஊடாக.

கதவைத் திறந்ததும் ஓசை அவரை அடித்து வீழ்த்துகிறது. இதை ஓசை என்று சொல்வதே போதாது. எட்டு வாய்கள் ஒரே நேரத்தில் மண்டைக்குள் திறக்கின்றன. ஏணியில் ஏறுகிறார், கைகால் அவருடையதாக இல்லை. வெளியே கைப்பிடிச் சுவர்வரை தவழ்ந்து வந்து விழும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம். அந்த நொடியில் அவருக்குப் புரிகிறது. சில நிமிடத்துக்கே இந்தக் கதி என்றால், கட்டிப்போடப்பட்டு ஒன்பது மணி நேரம் உள்ளே கிடந்தவனுக்கு?

கல்லறையில் கிடைத்தவன் ஜெஃப்ரி டீக்கன். 1914இல் தோர்ப் வீட்டுத் திருமணத்தின்போது விருந்தாளியின் மரகத மாலையைத் திருடிய பட்லர். சிறையிலிருந்து தப்பி, ஒரு சிப்பாயைக் கொன்று அவன் உடுப்பில் பிரான்சுக்குப் போனவன். ஊர் அவனைச் செத்தவன் என்று எழுதிவிட்டது. அவன் மனைவி மேரி, வில் தோடேயை மணந்து குழந்தைகளோடு வாழ்கிறாள். ஒளித்து வைத்த மரகதத்துக்காக டிசம்பர் இறுதியில் அவன் திரும்பி வருகிறான். தேவாலயத்தில் அவனைக் கண்ட வில், இவன் உயிரோடு இருப்பது தெரிந்தால் தன் திருமணமே செல்லாது, பிள்ளைகளுக்குப் பெயர் கெடும் என்று நடுங்கி, கொல்ல மனம் வராமல், மணி அறையில் கட்டிப்போடுகிறான். பணம் கொடுத்து மறுநாளே நாட்டைவிட்டு அனுப்பிவிடத் திட்டம். பணம் எடுத்து வரப் போனவன் இன்ஃப்ளுயன்சாவோடு திரும்புகிறான். ஜுர வேகத்தில் பிதற்றுகிறான். மேலே ஒருவன் கட்டப்பட்டிருப்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் நாவலின் பொறியியலைப் பார்த்து நான் மலைப்பது. ஒரே ஒரு காய்ச்சல் இரண்டு வேலை செய்கிறது. வில் தோடேயைப் படுக்கையில் தள்ளி டீக்கனை விடுவிக்க முடியாமல் செய்கிறது. அதே காய்ச்சல்தான் கயிற்றுக்கு ஆள் குறைய வைத்து விம்சியை அந்த இடத்தில் நிறுத்துகிறது. வில் நலமாக இருந்திருந்தால் அன்றிரவு அவனே இரண்டாம் மணியை அடிக்க வேண்டியவன். மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவன், முதல் இழுப்புக்கு முன்பே ஏதாவது செய்திருப்பான். அவனுக்குப் பதில் வந்தவர் இங்கிலாந்தின் மிகக் கூர்மையான துப்பறிவாளர், ஒன்றும் தெரியாமல் ஒன்பது மணி நேரம் இழுத்தார். மணிக் கணக்கைப் போட்டால் எட்டு மணிகளும் சேர்ந்து 1,26,720 முறை ஒலித்திருக்கின்றன. அதில் எட்டில் ஒரு பங்கு, 15,840 அடி, விம்சியின் கையிலிருந்து.

ஏழாம் கட்டளை என்ன ஆயிற்று? துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. விம்சி குற்றம் செய்யவில்லை, ஆனால் கொன்றார். பாதிரியாரும் மற்ற ஏழு அடிப்பாளர்களும் கொன்றார்கள். கட்டளையின் எழுத்தை மீறாமல் அதன் அடித்தளத்தையே தகர்த்துவிட்டார் சேயர்ஸ். கண்டுபிடித்த பிறகு விம்சி சொல்வது: கொலையாளியை இனித் தேட வேண்டாம், ஜெஃப்ரி டீக்கனைக் கொன்றவர்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், பைபிளில் உயரமான மரத்தில் தூக்கிலிடப்பட்ட ஆமானைவிட வெகு உயரத்தில். மணிகளைச் சொல்கிறார். அந்தப் பேச்சில் ஒரு நழுவல் இருக்கிறது. மணி தானாக அடிக்காது. குற்றத்தை உலோகத்தின் மேல் போட்டுவிட்டு இறங்கி வருகிறார் விம்சி. மற்றக் கதைகளில் குற்றவாளி தூக்குக்குப் போகும்போது மனம் உடைந்துபோகிற மனிதர் இவர். இங்கே வேடிக்கையாக ஒரு வாக்கியம், அவ்வளவே. அது அவரால் தாங்க முடிந்த அளவு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மறுபடி முதல் பாகத்துக்குத் திரும்பினால் அந்தப் பக்கங்கள் படிக்கச் சகிக்காதவை ஆகிவிடுகின்றன. பாதிரியாரின் குழந்தைத்தனமான உற்சாகம், நள்ளிரவில் முதல் மணி இறங்கும் கணம், பனி மூடிய வயல்களின் மேல் ஓசை பரவுவதை வருணிக்கும் அந்த நீண்ட அழகான பத்தி. அதே வாக்கியங்கள்தான். ஒரு சொல்லும் மாறவில்லை. தலைக்கு மேல் இரண்டு தளம் தாண்டி ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான்.

தண்ணீரும் மரகதமும்

ரகசியக் குறியீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோர்ப் வீட்டுப் பெண் ஹிலரி மணிக்கூண்டில் ஒரு காகிதத்தைக் கண்டெடுக்கிறாள். தேவதைகளும் யானைகளும் வரும் ஏதோ பிதற்றல். எழுத்துகளை எட்டெட்டாக வரிசைகளில் எழுதி, ஒரு மணியின் தடத்தைப் பின்பற்றினால் செய்தி வெளிவரும். மேலே நான்கு மணிக்கு எழுதிய அதே வேலை, எட்டு மணிக்கு. விடை பைபிளின் 99, 97, 126ஆம் சங்கீதங்களின் வரிகள். "அவர் கேருபீன்களின் மத்தியில் வீற்றிருக்கிறார்" என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் தேவாலயக் கூரையின் தெற்குப் பக்கத்தில் மரத்தில் செதுக்கிய கேருபீனிடம், அதாவது சிறகுள்ள தேவதூதனிடம், மரகதம். மணியடிப்பைத் தாண்டிப் படித்தவருக்கு இந்தப் புதிரும் வெறும் மந்திரவித்தையாகப் போகும்.

தண்ணீர் வேறு விஷயம். சேயர்ஸ் பிறந்தது ஆக்ஸ்ஃபர்டில் என்றாலும் வளர்ந்தது ஃபென் பகுதியின் ஓரத்தில், ப்ளண்டிஷம் கிராமத்தில். தந்தை அங்கே பாதிரியார். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கொர்னேலியஸ் வெர்முய்டன் நேர்க்கோடாகக் கால்வாய்கள் வெட்டி அந்தச் சதுப்பை வயலாக்கினார். காய்ந்த பீட் மண் சுருங்கியது, நிலம் தாழ்ந்தது, கால்வாய்கள் வயலைவிட உயரத்தில் ஓடத் தொடங்கின. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த ஓர் இரும்புத் தூண், இன்று நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. கடல் ஏற்றத்தைத் தடுக்க வெர்முய்டன் காலத்தில் கட்டிய டென்வர் மதகு 1713இல் உடைந்தது. மீண்டும் கட்ட 1750 ஆயிற்று. நாவலின் 'வான் லெய்டன் மதகு' யாரை நினைத்துப் பெயர் பெற்றது என்பது வெளிப்படை. அங்கே மதகுக்காவலர் விம்சியிடம் புலம்புவதைக் கவனியுங்கள்: கதவுகள் உளுத்துவிட்டன, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்று அமைப்புகள் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. கதையின் நடுவில் தற்செயல் அரட்டைபோல வருகிறது. வில்சன் தாண்டிய கிராமத்து உரையாடல்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். பல பக்கங்கள் கழித்து அந்தக் கதவு உடைகிறது. வடிகால் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்த 1930இல் தனிச்சட்டமே வந்த காலம் அது. அன்றைய வாசகருக்கு அந்தப் புலம்பல் செய்தித்தாள் சமாச்சாரம்.

கிராமத்தாரின் பேச்சில் ஒளிந்திருப்பது மதகு மட்டுமில்லை. மணி அறையில் ஒரு பீர் புட்டி கிடைக்கிறது, விரல் ரேகைக்காகப் பண்டர் பத்திரப்படுத்துகிறார், பாதிரியார் வீட்டு வேலைக்காரப் பெண் எமிலி அழுக்குப் புட்டி என்று நன்றாகக் கழுவி வைத்துவிடுகிறாள். வழக்கமாகக் குரல் உயர்த்தாத பண்டர் வெடித்துவிடுகிறார். சிரித்துக்கொண்டே கடந்துவிடுவோம். மணி அறைக்குப் பீர் புட்டி ஏன் வந்தது, அங்கே யாருக்குச் சாப்பாடு போயிற்று என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஓசை கொல்லுமா?

மருத்துவர்கள் முன்வைக்கும் எதிர்ப்பு நியாயமானது. மணி அறைக்குள் ஒலி 110 டெசிபலைத் தாண்டும். அது காதைச் செவிடாக்கும், தலைசுற்றவைக்கும், வாந்தி வரவைக்கும். உள்ளே சும்மா நின்றிருப்பவரை அது மட்டுமே கொன்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டிசம்பர் இரவு, பலகணிகள் வழியே பனிக்காற்று, அசைய முடியாத கட்டு, பயம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பலவீனமான இதயம் நிற்கலாம். சேயர்ஸ் அப்படிக் கூட்டியிருக்கலாம். கூட்டாமல் மணிகளையே முழுப் பொறுப்பாக்கினார். மரணத்தை மருத்துவக் காரணத்தோடு பகிர்ந்துகொண்டால் அந்த எட்டுப் பேரின் பங்கு குறைந்துபோகும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். துல்லியத்தை விட்டு வடிவத்தைத் தேர்ந்தார். என் கணக்கில் சரியான தேர்வு. ஆனால் அது ஒரு விலை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நிஜமான பலவீனங்கள் வேறு. பிரான்சுக்குப் போய் டீக்கனின் இரண்டாம் வாழ்க்கையை விசாரிக்கும் பகுதி வெறும் தகவல் ஒப்புவிப்பு. தாண்டத்தான் வேண்டும் என்றால் அதைத் தாண்டுங்கள். பிணம் முதலில் லண்டன் திருடன் கிரான்டன், பிறகு சிப்பாய், கடைசியில் டீக்கன் என்று அடையாளம் மாறுவது காகிதத்தில் சாமர்த்தியம், படிக்கும்போது மூச்சுவாங்கல். இன்னொன்று கொஞ்சம் கசப்பு. வில் தோடே வெள்ளத்தில், மதகருகே ஒருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிவிடுகிறான். கட்டிப்போட்டது சட்டப்படி குற்றம், அதன் விளைவாக ஒருவன் செத்திருக்கிறான். நீதிமன்றத்தில் இதை என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. ஆற்றைக் கொண்டு வந்து அந்தக் கேள்வியை அடித்துப்போக விட்டார் சேயர்ஸ். அவன் தம்பி ஜிம், அண்ணன்தான் கொன்றான் என்று நினைத்து முகத்தைச் சிதைத்துப் புதைத்தவன். அவனையும் கதை லேசாகவே விடுகிறது.

முதல்முறை படிக்கிறவர்களுக்கு வேலைக்காகும் யோசனை ஒன்றிரண்டு. முதல் பாகத்தை இரண்டு அமர்வில் முடிக்கப் பாருங்கள், பத்து நாள் இழுத்தால் பெயர்கள் கலந்துபோகும். எட்டு மணிகளின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: காடி, சபயோத், ஜான், ஜெரிகோ, ஜூபிலி, டிமிட்டி, பாட்டி தாமஸ், டெய்லர் பால். பக்கத்தில் ஒவ்வொன்றையும் அடிப்பவர் பெயரையும் குறித்தால் ஊர் முழுக்கக் கைக்குள் வந்துவிடும், ஏனென்றால் பின்னால் விசாரிக்கப்படும் ஆட்களில் பாதிப் பேர் அவர்கள்தான். 'பாப்', 'டாட்ஜ்' என்ற சொற்கள் புரியாவிட்டால் கவலையில்லை. நேரங்களை மட்டும் விடாதீர்கள்: யார் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், யார் எந்த நாளில் எங்கே போனார். தலைப்பிலுள்ள 'டெய்லர்' தையற்காரர் இல்லை. ஓர் ஆண் இறந்தால் பெரிய மணியில் மூன்று மூன்றாக அடிக்கும் ஒன்பது அடிகள், பெண்ணுக்கு ஆறு, பிறகு வயதுக்கு ஒன்றாக. லேடி தோர்ப்புக்கு அந்த மணி ஒலிக்கும் புத்தாண்டுக் காலையில் விம்சி ஊரிலேயே இருக்கிறார். மேலே கிடக்கும் ஆணுக்கு யாரும் ஒன்பது அடிக்கவில்லை. அவனுக்கு அதற்கு முன்பே 1,26,720 அடித்தாகிவிட்டது.